மஞ்சள் நூல் கட்டிய கூஜா

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். பெண் கொஞ்சம் ஒல்லி என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் படித்த பெண் அடங்கி நடப்பாளா என்றார் இன்னொருவர். என் நாத்தனார் மட்டும் நான் கொடுத்த காப்பியைக் குடித்து, கடைசி ஒரு வாயை மிச்சம் வைத்து, டம்ளரைக் கீழே இறக்கிவிட்டு, "பாப்போம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. கப்பலேறி இலங்கைக்கு வந்தேன். பதுளை கடைவீதியில் என் கணவருடைய மளிகைக் கடைக்குப் பின்கட்டில் குடித்தனம் வைத்தேன். ஒரு பையனையும் பெற்றேன். அந்தப் "பாப்போம்" மட்டும் அப்படியே நின்றது. பெரிய பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போலத்தான் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் என் கணவரைவிட மிகவும் மூத்தவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நடக்காது. அவரோ அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல்ல மாட்டார். நிலம் வாங்கலாமா, பாப்போம். மழை வருமா, பாப்போம். ஒருமுறை அவருடைய கணவர் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைப்பாரா என்று அழுதபடி கேட்ட உறவுக்காரிக்கும் அதே பதிலைச் சொன்னாராம். அவர் பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு மனைவியைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார் என்று என் கணவர் சொல்வார்.

காப்பி விஷயத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு காரணம் இருந்தது. என் மாமனார் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்ட காலத்தில் பதுளைக்கு வந்து கடை போட்டவர். எப்போதாவது ஊருக்கு வரும்போது தம் சாமான் பெட்டியில் காப்பிக்கொட்டை கொண்டுவருவார். சிறு பெண்ணாக இருந்த நாத்தனார் குடித்தது அந்தக் காப்பி. பிறகு செடிகளுக்கு நோய் வந்து, மலையெல்லாம் தேயிலை ஆகிவிட்டது. மாமனாரும் போய்விட்டார். அன்றிலிருந்து யார் காப்பி கொடுத்தாலும் நாத்தனார் அந்தப் பழைய காப்பியைத் தேடித்தான் முதல் வாய் குடிப்பார். கடைசி வாயைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிடுவார். பழைய ருசி கிடைக்கும் அன்றைக்குத்தான் டம்ளரை முழுக்கக் குடித்துக் கவிழ்ப்பதாக எண்ணமோ என்னவோ. நான் கேட்டதில்லை. அவரிடம் யார் எதைக் கேட்பது?

பையனுக்குச் சளி நெஞ்சில் கட்டியது என்று என் கணவர் ஊருக்கு எழுதிவிட்டார். அதுதான் வினை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் கடைக்காரர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத்தான் இங்கே வருவார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பார்கள். நான் கணவரோடு வந்ததே வழக்கத்துக்கு மாறு. "இந்தக் குளிரில் பிள்ளை தங்குமா? நான் வந்து பார்த்து, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேனா இல்லையா என்று சொல்கிறேன்" என்று நாத்தனாரிடமிருந்து பதில் வந்தது.

நாத்தனார் சொன்னால் என் கணவர் மீற மாட்டார். அது எனக்குத் தெரியும். நான் போக விரும்பவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் விரும்பாதது பிள்ளைக்காகவா எனக்காகவா என்பது மட்டும் தெரியவில்லை. ஒருவேளை அவர் சொல்வதே சரியோ, இந்த மலைக்காற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான்தான் சுயநலமாக இருக்கிறேனோ என்று நினைப்பேன். உடனே எழுந்து, தூங்குகிற பிள்ளையின் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவன் விழித்துக்கொண்டு அழுவான். அழுததால் வயிற்றில் வாயு சேர்ந்திருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுப்பேன். எங்கள் வீட்டில் சோறு பொங்காத நாள் உண்டு, ஓமம் கொதிக்காத நாள் இல்லை.

அவர் பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு வறைச்சட்டி, ஒரு சின்ன இரும்பு உரல், வடிகட்டும் துணி, ஒரு மூட்டை கருப்பட்டி. கொழும்புத் துறைமுகத்தில் உரலை என்னவென்று கேட்ட வெள்ளைக்கார உத்தியோகஸ்தரிடம், "இடிச்சுக் காட்டவா?" என்று கேட்டாராம். அவர் விட்டுவிட்டார்.

வந்ததும் பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தார். காப்பிக்கொட்டையை முகர்வதும் அப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு.

"என்னடி, பய ஓமமா மணக்கிறான்?"

"வாயுவுக்கு, அண்ணி."

"ம்."

அந்த "ம்"மை அன்று முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான் போட்ட காப்பியில் கடைசி வாய் முற்றத்து ரோஜாச் செடிக்குப் போயிற்று.

பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒருநாள் என் கணவரோடு பேசிக்கொண்டிருந்ததை நாத்தனார் உள்ளிருந்து கேட்டுவிட்டார். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வேலி போல் சில பழைய காப்பிச் செடிகள் நோய்க்குத் தப்பி நிற்கின்றனவாம். கோயில் செடி என்று யாரும் வெட்டவில்லை. அதில் பறிப்பதைத் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் ஒரு பெரிய கங்காணி வைத்திருந்து விற்கிறாராம்.

"துரைமாரே கிறிஸ்மஸுக்குச் சொல்லி வெச்சித்தான் வாங்குறாங்க. வெலயக் கேட்டா குடிக்கிறதுக்கு முந்தியே நெஞ்சு அடைச்சிரும்" என்றார் நானா.

அன்று சாயங்காலமே நாத்தனார், "தம்பி, நாளான்னைக்கு வண்டி சொல்லு. நான் பூனாகலைக்குப் போறேன். ஓம் பொண்டாட்டியும் வரட்டும்" என்றார்.

"கைப்புள்ளையோட எப்படிக்கா?"

"புள்ளைய விட்டுட்டா போகப்போறோம்? மலைக்காத்து இவனுக்கு ஒத்துக்குதான்னு பாக்கத்தானே நான் வந்தது. இன்னும் மேல தூக்கிட்டுப் போய்ப் பாப்போம்."

என் கணவரிடமே கேட்டேன். இது காப்பிக்கான பிரயாணமா, எனக்கும் பிள்ளைக்குமான பரீட்சையா? இரண்டும்தான் என்று என் கணவர் சொல்லிவிட்டு, மிளகு நிறுக்கப் போய்விட்டார்.

நாத்தனாருக்குத் தண்ணீரில் ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீர் மாறினால் காப்பி மாறிவிடும். ஆகவே எங்கே போனாலும் புறப்படுகிற வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கூடவே எடுத்துப் போவார். எங்கள் வீட்டில் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் கூஜாக்கள் இரண்டு இருந்தன, ஒன்றுபோல் ஒன்று. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். மற்றதில் பிள்ளைக்கு ஓமத் தண்ணீர் காய்ச்சி வடிகட்டி ஊற்றினேன். மாறிவிடக் கூடாதே என்று யோசித்து, மஞ்சள் தடவிய நூலை எடுத்துப் பிள்ளையின் கூஜாக் கழுத்தில் கட்டினேன். கட்டிவிட்டு, இரண்டு தடவை பார்த்தேன். இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் எதுவும் செய்ததில்லை என்றுகூடத் தோன்றியது.

பண்டாரவளையில் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கி, காலையில் மலைப்பாதையில் ஏறினோம். அந்த வழியில் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். பாறையில் வழிகிறது, பாதையின் குறுக்கே ஓடுகிறது, மேகத்திலிருந்து சொட்டுகிறது. வண்டிக்காரர் இறங்கி, ஓர் ஓடையில் முகம் கழுவிக் கைநிறைய அள்ளிக் குடித்தார். "கல்கண்டு மாதிரி இருக்கு, நீங்களும் குடிங்கம்மா" என்றார்.

"எங்க தண்ணி எங்ககிட்ட இருக்கு" என்றார் நாத்தனார்.

"இந்த மலைக்குத் தண்ணி தூக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதாம்மா" என்று வண்டிக்காரர் மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார்.

கங்காணியார் வயதானவர். கோட்டும் தலைப்பாகையுமாக தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தள்ளியிருந்த தம் வீட்டு வாசலில் நின்று வரவேற்றார். அவருடைய மனைவி பிள்ளையைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கங்காணியார் உள்ளே போய் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து, அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"போன வருஷம் கெவர்மெண்டு ஏசண்டு வீட்டுக்கே இதுதான் போச்சு" என்றார்.

நாத்தனார் கையை நீட்டினார். பையைத் திறந்தார். கண்ணை மூடி முகர்ந்தார்.

"என்ன வெல?"

கங்காணியார் சொன்னார். அந்த விலையில் எங்கள் ஊரில் கன்றோடு ஒரு பசு வாங்கலாம்.

"பாப்போம்" என்றார் நாத்தனார்.

மற்ற வியாபாரிகள் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள். கங்காணியாரோ துரைமாரிடம் பழகியவர். கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார். நாத்தனாரும் மலையைப் பார்த்தார். வெகு நேரம் இருவரும் மலையையே பார்த்தார்கள். அந்த மலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். கடைசியில் கங்காணியம்மா, "கொஞ்சம் போட்டுக் குடிச்சுப் பாருங்க தாயி. புடிச்சா வாங்குங்க" என்றார்.

அதற்குத்தானே காத்திருந்தார். பால் மாட்டைத் தம் கண்ணெதிரே கறக்கச் சொன்னார். முற்றத்தில் மூன்று கல் வைத்து, வறைச்சட்டியை ஏற்றி, கொட்டையைத் தாமே வறுத்தார். அந்த மணம் எழுந்தபோது வண்டிக்காரர்கூட மாட்டை விட்டுவிட்டு வந்து நின்றார். நாத்தனார் உரலில் இடித்தார். துணியைக் கட்டினார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை நனைத்துவிட்டான். துணி மாற்ற அவனைத் திண்ணைப் பக்கம் தூக்கிப்போனேன்.

திரும்பி வரும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கூஜா மூடி திறந்து கிடந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் நூல். வறுத்த கொட்டையின் மணத்தில் ஓம வாசம் அமுங்கிப் போயிருந்தது.

"அண்ணி..."

"பரவால்லையே நீ" என்றார் நாத்தனார். என்னை அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "என் காப்பித் தண்ணியத் தனியா மஞ்ச நூல் கட்டி வெச்சிருக்கே. பெரியவங்களுக்கு எடுத்து வைக்கிறது எப்படின்னு ஒங்க அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இல்லண்ணி, அது..."

"பேசாத. காப்பி எறங்குறப்ப பேசக் கூடாது."

அது அவருடைய சட்டம். துணியில் காப்பி சொட்டும்போது யார் பேசினாலும் அந்தக் காப்பி கெட்டது என்று எடுத்துக் கொட்டிவிடுவார். ஊரில் ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் பேசியதற்காகவே கொட்டியிருக்கிறார். கொட்டினால் இது பசுமாட்டு விலைக் காப்பி. கொட்டாவிட்டால் ஓமக் காப்பி. சொன்னால் கங்காணி குடும்பத்தின் முன்னே அவருக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்து, எனக்கு ஊருக்குக் கப்பல். நான் யோசித்து முடிப்பதற்குள் காப்பி இறங்கிவிட்டது. என் யோசனைகள் எப்போதும் காப்பியைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

கருப்பட்டியும் பாலும் சேர்த்து எல்லோருக்கும் ஊற்றினார். முதல் வாய் குடித்தார்.

குடித்தவர் அசையவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வாய் குடித்தார். பிறகு நிறுத்தாமல் குடித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, டம்ளரைத் திண்ணையில் கவிழ்த்தார்.

"இதுதான்" என்றார்.

குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்கப்பா பெட்டியத் தொறந்தா இந்த வாசம்தான் வரும். நான் உள்ள தலைய விட்டுட்டு வெளிய வரமாட்டேன். 'பொண்ணு பெட்டிக்குள்ள குடியிருக்கட்டும், மூடிருவோம்'பார்."

நான் என் டம்ளரை வாயில் வைத்தேன். சந்தேகமே இல்லை. என் பிள்ளையின் வாய் மணம்.

கங்காணியாரும் குடித்தார். குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மறுபடி குடித்தார். "நம்ம காப்பி இப்புடி இருக்காதே. இதுல என்னமோ..." என்று தொடங்கினார்.

"சும்மா குடிங்க. அம்மா கைப்பக்குவம் அது" என்று கங்காணியம்மா அவர் முழங்கையில் இடித்தார். கங்காணியார் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

கங்காணியார் கேட்ட விலையையே கொடுத்து நாத்தனார் பை முழுவதையும் வாங்கினார். வண்டி ஏறும்போது என் கையிலிருந்து பிள்ளையைத் தாமே வாங்கிக்கொண்டார். மலை இறங்கும் வழியெல்லாம் சிரித்த முகம். இதை அப்படியே விட்டுவிட்டால் நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். விட்டுவிடுவது சரியா என்று உடனே நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்புக்குப் பதில் தேடுவதற்குள் பிள்ளை வயிற்றை முறுக்கிக்கொண்டு வீரிட்டு அழுதான்.

"வாயுதான். ஓமத் தண்ணியக் குடு" என்றார் நாத்தனார்.

"இல்லண்ணி."

"இல்லையா? பொறப்படும்போது ஒரு கூஜா ரொப்பினியே?"

பிள்ளை நீலமாகி அழுகிறான். இனி யோசிக்க நேரமில்லை. "அந்தக் கூஜாத் தண்ணிதாண்ணி காப்பியாயிருச்சு. மஞ்ச நூல் கட்டினது புள்ளையோடது. சொல்ல வந்தேன், பேசாதன்னீங்க" என்றேன்.

வண்டிக்காரரின் முதுகு குலுங்கியது. பாதை மேடுபள்ளமாகவும் இருந்தது.

நாத்தனார் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னார். பாதையோரத்தில் ஒரு லயம் இருந்தது. அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தாமே இறங்கி, முதல் கதவைத் தட்டி, யார் என்றுகூடக் கேட்காமல், "ஏம்மா, ஒரு பிடி ஓமமும் கொஞ்சம் கொதிச்ச தண்ணியும் குடு. எங்க புள்ள அழுவுது" என்றார். ஒரு பெண் பதறிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். நாத்தனார் சிரட்டையில் வாங்கிவந்து, ஊதி ஊதி ஆற்றி, ஒவ்வொரு சொட்டாக அவன் வாயில் விட்டார். மற்றக் கூஜாவில் இருந்த எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறைந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வேற தண்ணி..." என்றேன்.

"வாய மூடு. காப்பிக்குத்தான் தண்ணி பாக்கணும். புள்ளைக்கா பாப்பாங்க?"

அவன் ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனான். பதுளை வரைக்கும் அவர் காப்பிப் பையைத் திரும்பத் திரும்பத் திறந்து முகர்ந்துகொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் பூனாகலைக் காப்பியைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டார். யாரும் பேசவில்லை. குடித்தார். கடைசி வாய் ரோஜாச் செடிக்குப் போயிற்று. அந்த விலைக்குக் காப்பி குடித்த ரோஜாச் செடி இலங்கையிலேயே வேறு இருந்திருக்காது.

முடிவு தெரியாமல் சில நாள் கழிந்தது. என் துணிகளையும் பிள்ளையின் துணிகளையும் மடித்துத் தனித்தனியாக வைத்தேன். மறுபடி சேர்த்து வைத்தேன். ஒரு மத்தியானம், கடையைச் சாத்தி எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, நாத்தனார் எழுந்தார். "அப்பாவோட பழைய சாமான் பெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கி மூலையில் இருந்தது. பலாமரப் பெட்டி, உள்ளே சரக்குக்கு ஓர் அறையாகப் பல அறைகள். இப்போது என் கணவர் அதில் பழைய சாக்குகளைப் போட்டு வைத்திருந்தார். நாத்தனார் சாக்குகளை வாரி வெளியே போட்டார். ஓர் அறையில் விரலை விட்டு முகர்ந்தார். அடுத்த அறை. அதற்கடுத்த அறை. பிறகு பெட்டிக்குள் தலையையே விட்டுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். அது சிரிப்பு. அவர் சிரித்து நான் கேட்டதே இல்லையாதலால் எனக்குத் தெரியவில்லை.

மூக்கெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"இங்க பாரு. காப்பிக்கும் ஓமத்துக்கும் நடுவுல தடுப்புப் பலகை உடைஞ்சு கெடக்கு. கடைசி வரைக்கும் மாத்தல. சோம்பேறி எங்கப்பா."

பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அவன் தலையை முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார்.

அவர் புறப்படுகிற அன்று வண்டி வாசலில் நின்றது. சாமான் ஏற்றியாயிற்று. என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, இவங்க ரெண்டு பேரையும்... என்ன முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அவன் என் காதைப் பிடித்து இழுத்தான்.

"இவ வந்துட்டா, அந்தப் பெட்டியில போட்டு வெச்சு எனக்குக் காப்பி யாரு அனுப்புறது? நீயா?" என்றார் நாத்தனார். "நீ ஆசாரியக் கூப்பிட்டுப் பலகைய மாத்திருவே."

வண்டி நகர்ந்தது. என் கணவர் என்னைப் பார்த்து, "எந்தப் பலகை?" என்றார்.

பூனாகலைக் காப்பி வேண்டாம், கடைவீதிக் காப்பியே போதும் என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு மாதம் அதைப் பெட்டியில் ஓமத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்து, ஊருக்குப் போன ஒரு தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினேன். அனுப்பிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஓமம் கூடிப்போயிருக்குமோ, குறைந்திருக்குமோ, இந்தக் காப்பி சரியில்லை என்று என்னை வரச் சொல்லிவிடுவாரோ? கொண்டுபோனவர் திரும்பி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. போட்டாங்க. என்னைப் பேசாதன்னாங்க. குடிச்சிட்டு டம்ளரக் கவுத்தாங்க."

"அப்புறம்?"

"நல்லா இருந்துச்சாம்மான்னு நானாத்தான் கேட்டேன்." அவர் தலையைச் சொறிந்தார். "'பாப்போம், அடுத்த தடவ அவ எப்படி அனுப்புறான்னு'ன்னாங்க."

அடுத்த தடவைக்கு ஓமம் காயப் போட்டேன்.